கச்சான் பக்கம்

1959 பிப்ரவரி 7, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் இறைத்துக் குளித்து, சவரம் செய்துகொண்டு, முதல் நாள் வகுப்பில் எழுதி வாங்கிய இயற்கணிதத் தாள்களில் மீதியிருந்தவற்றைத் திருத்தி முடித்தேன். ஆறரை மணிக்கு இட்டிலியும் காபியும். சனிக்கிழமைகளில் எனக்கு ஒரே வகுப்பு. அதை அடுத்த வீட்டு ஆசிரியர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, துண்டு, சவரப் பெட்டி ஆகியவற்றை எப்போதும் வைக்கும் வரிசையில் வைத்தேன். அன்று கூடுதலாக வைத்தது பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு. கல்லூரிக் கால்பந்து அணியைக் கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு மதுரைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது.

அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. கணித விரிவுரையாளர். பந்தை உதைத்துப் பழக்கமில்லை. முந்தைய அக்டோபரில் உடற்பயிற்சி ஆசிரியர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். புதியவர் வரும்வரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்கள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். மாலையில் மைதானத்தில் போய் நின்றால் போதும். விளையாட்டை அவர்களே விளையாடிக்கொள்வார்கள்" என்றார்.

நின்றேன். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையாக இருந்தது.

கல்லூரி ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. மைதானம் வடக்கு தெற்காக நீளம். மேற்கு ஓரத்தில் ரோடு, கிழக்கு ஓரத்தில் உடைமரங்கள். தரை பாதிக்கு மேல் மணல். வெளியூர் அணிகள் வந்தால் முதல் கால்மணி நேரம் பந்து ஏன் எழும்பவில்லை என்று பார்ப்பதிலேயே போய்விடும். எங்கள் பையன்களில் ஐந்து பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். மீதி ஆறு பேர் கமுதி, உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். கணுக்காலில் மட்டும் துணி சுற்றிக் கட்டிக்கொள்வார்கள்.

கேப்டன் அக்காள்மடத்துப் பையன். நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப். பந்து எங்கே போகும் என்பது அவனுக்கு மற்றவர்களைவிடச் சற்று முன்னால் தெரிந்துவிடும் என்பது எனக்கே இரண்டாம் நாள் புரிந்தது. மூன்றாம் ஆண்டு மாணவன். ஆங்கிலத் தாளில் இரண்டு முறை தவறியிருந்தான். மூன்றாம் முறையும் தவறுவான் என்று ஆங்கில விரிவுரையாளர் ஓய்வறையில் எல்லோர் முன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டம் இல்லாமல் வெளியே போனால் அவனுக்கு இருந்தது தகப்பனாரின் வள்ளம் ஒன்றுதான். அதில் அவனால் போக முடியாது. கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது.

மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை விடுதியில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு அவனை விட்டும் வைக்கவில்லை. சாப்பிடும்போது எதிரே இருப்பவன் தண்ணீர் டம்ளரை மெல்ல இப்படியும் அப்படியும் சாய்ப்பான்.

"அண்ணே, அலை அடிக்குது, பாத்துக் குடிங்க."

"ஏலே, அவனுக்குச் சட்டியில கொதிக்கிற குழம்பைக் காட்டினாலே தல சுத்தும். மூடி போடுங்கடா."

அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் ஊரில் கேட்டதற்கு இது ஒன்றுமில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னான்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அவன் தகப்பனார் கல்லூரிக்கு வந்தார். ராமநாதபுரம் சந்தைக்கு வந்தவர், வந்ததோடு மகனையும் பார்த்துப் போகலாம் என்று மைதானத்துக்கு வந்திருந்தார். கோட்டுக்கு வெளியே நின்று சிறிது நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"நீங்கதான் பந்து வாத்தியாருங்களா?"

"கணக்கு வாத்தியார். இப்போதைக்குப் பந்தும் பார்க்கிறேன்."

"எம்மகன் ரெண்டுலயும் தேறுவானா?"

"கணக்கில் தேறுவான். பந்தில் தேறிவிட்டான். இங்கிலீஷில்தான் சந்தேகம்."

"கடல்லயும் தேறலைங்க" என்றார் அவர். "பொறந்ததுலேர்ந்து தண்ணிக்குப் பக்கத்துலதான் கெடக்கான். காத்து திரும்புறதை எனக்கு முன்னாடி சொல்லுவான். கரையில நின்னுதான். வள்ளத்துல ஏத்தினா, பாம்பன் பாலம் கண்ணுக்கு மறையுமுன்ன கக்க ஆரம்பிச்சிருவான். எங்க ஊர்ல என்னைப் பார்த்துச் சிரிக்கிறாக."

பின்னால் வந்து நின்ற மகன், "அய்யா, போதும்" என்றான்.

"என்ன போதும்? சாருக்குத் தெரியட்டும்." அவர் என் பக்கம் திரும்பினார். "பரீட்சை முடியுற மட்டும் பாப்பேன் சார். அதுக்குள்ள கரையில ஒரு வேலை கெடச்சா கரையிலயே கெடக்கட்டும். கெடைக்கலேன்னா வள்ளந்தான். கக்கிக் கக்கியே பழகிக்கிறட்டும். எங்க சின்னையா மகன் அப்படித்தான் பழகினான்."

"அவரு பழகலை அய்யா. வள்ளத்தை வித்துட்டு இளநி யாவாரம் பாக்குறாரு."

"வித்தது பொறவு. முதல்ல பழகினான்."

அவர் போன பிறகு கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனான். அன்று ஆட்டம் இருட்டும் வரை நடந்தது.

கரையில் ஒரு வேலை என்பது வெறும் பேச்சாக இல்லாமல் போனது அதற்கு அடுத்த வாரத்தில். ரயில்வே அணி ஒன்றின் பொறுப்பாளர் பிரின்ஸிபாலுக்குப் பழக்கமானவர். அவருடைய அணியில் ஒரு இடம் காலியாக இருந்தது. எடுத்துக்கொள்ளும் பையனுக்கு ரயில்வேயில் வேலையும் உண்டு, பட்டம் தேவையில்லை. எங்கள் கேப்டனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு எங்கள் அணி வந்தால் மதுரையில் நேரில் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிரின்ஸிபால் இதை எனக்குச் சொன்னார், நான் கேப்டனுக்குச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் விடுதி முழுவதும் தெரிந்துவிட்டது.

இனி அணியின் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா அணிகளும் ஆடும்போது கத்துகின்றன. எங்கள் அணியில் கத்துவது கேப்டன் ஒருவன்தான், மற்றவர்கள் அதைக் கேட்டு ஓடுவார்கள். 'இங்கன', 'அங்கன' என்பவை எனக்கும் புரிந்தன. பெனால்டி, கார்னர், ஆஃப்சைடு என்று ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றோடு 'கச்சான்' என்று ஒன்று. "கச்சானுக்கு! கச்சானுக்கு!" என்று ஒரு ஆட்டத்தில் பலமுறை கத்துவான். அதுவும் ஆட்டத்தின் கலைச்சொல் என்று நான் வைத்துக்கொண்டேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இருமுறை கேட்டும் எனக்குத் தெளிவாகவில்லை. ஆகவே இதைக் கேட்கவில்லை.

இடது ஓரத்தில் ஆடும் லெப்ட் அவுட் கமுதிப் பக்கத்துப் பையன். வீட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு, ஆங்கில இலக்கியம். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. 'கச்சான்' என்ற சத்தம் கேட்டால் இடது கோட்டை ஒட்டிக் கொடி மரத்தை நோக்கிப் பாய்வான். ஒருநாள் பயிற்சி முடிந்து வரும்போது கேப்டனிடம் அவன் குறைப்பட்டுக்கொண்டது என் காதில் விழுந்தது.

"அண்ணே, கச்சான்னு கத்துறீக. நானும் உசுரைக் குடுத்து ஓடுறேன். பாதி நேரம் பந்து அங்கிட்டு ரைட் அவுட்டுக்குப் போயிருது."

"எங்க போகணுமோ அங்கதான்லே போகுது. நீ ஓடுறதை நிறுத்தாத."

"ஓடுறது எனக்கொண்ணும் இல்லை. கூப்பிட்டுட்டுக் குடுக்கலேன்னா எப்படி?"

"ஒனக்குக் குடுக்காத நேரம் ஒன்னைக் கூப்பிடலைன்னு வச்சுக்கயேன்."

அவன் அப்படியே வைத்துக்கொண்டான் போலும். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அந்தப் பருவத்தில் இறுதிக்கு முன் மூன்று ஆட்டங்கள். முதல் இரண்டும் எங்கள் மைதானத்தில். மணல் பாதி வேலையைச் செய்தது. இரண்டாவது ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெளியூர்ப் பையன்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள், நனைந்த மணல் அதில் அப்பிக்கொண்டது. அவர்களில் ஒருவன் நடு ஆட்டத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு ஆடினான். மூன்றாவது, அரையிறுதி, வெளியூரில். நல்ல புல்தரை. அங்கே ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். அந்த கோலை அடித்தது எங்கள் ரைட் அவுட். வந்த பந்து முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. அவன் அதைத் திட்டமிட்டு அடித்ததாகவே இன்றுவரை சொல்கிறான். எங்கள் கல்லூரி அதுவரை இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை.

ஏழாம் தேதி காலை வண்டியில் புறப்பட்டோம். பரமக்குடியில் பையன்கள் இறங்கி வடை வாங்கினார்கள். கேப்டன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் வாங்கவில்லை. "வண்டி ஆடுறது ஒத்துக்கலையா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். "வண்டி ஆடலைடா, வயித்துக்குள்ள ஆடுது" என்றான். மதுரையில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இரண்டு அறைகள் எடுத்திருந்தோம். சாமான்களை வைத்துவிட்டு, சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு மைதானத்துக்குப் போனோம்.

மைதானம் நகரத்துக்கு நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கியிருந்ததால், வழக்கப்படி வடக்கு தெற்காக இல்லாமல் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள். சாயங்கால வெயில் ஒரு அணியின் கண்ணில் அடிக்கும். இதை நான் கவனித்தேன். இரண்டாம் பாதியில் வெயில் எங்கள் பையன்களின் முகத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கேப்டனிடம் சொன்னேன். "ஆமா சார், கடைசியில நாங்க மேக்க பாத்துத்தான் ஆடணும்" என்றான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ரயில்வேக்காரர் மரநாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பேண்ட், தலையில் தொப்பி. ஒருகாலத்தில் நன்றாக ஆடியவராம். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கேப்டன் எவன் என்று கேட்டார், காட்டினேன்.

முதல் பாதியில் மதுரை அணி ஒரு கோல் போட்டது. எங்கள் உத்தரகோசமங்கைப் பையன் ஒன்றைத் திருப்பினான். கேப்டன் நன்றாகவே ஆடினான். ஆனால் ஆட்டத்தில் ஏதோ ஒட்டவில்லை. அவன் கத்துவதும் மற்றவர்கள் ஓடுவதும் வழக்கம்போல் பொருந்தவில்லை. கடற்கரைப் பையன்கள் ஒரு பக்கம் போனால் மற்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். வெளியூர் மைதானத்துப் பதற்றம் என்று நான் நினைத்தேன். இடைவேளையில் எலுமிச்சைத் துண்டுகளைச் சப்பிக்கொண்டே, "ஏலே, காது கேக்குதா இல்லையா?" என்று கேப்டன் சத்தம் போட்டான். "கேக்குதுண்ணே, அதான ஓடுறோம்" என்றான் லெப்ட் அவுட்.

இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் மீதி இருந்தது. பந்து நடுவில் கேப்டனிடம் வந்தது. பின்னால் நின்று தடுக்க வேண்டிய எதிரணி பேக்குகள் இரண்டு பேரும் முன்னேறி வந்திருந்தார்கள். அவர்களுக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவில் வெறும் தரை. அதற்குள் யாராவது ஓடினால் போதும். கேப்டன் வலது கையை நேராக, வெயிலுக்கு எதிரே நீட்டி, "கச்சானுக்கு! கச்சானுக்கு ஓடு!" என்று கத்தினான். கத்திக்கொண்டே பந்தை அந்த வெறும் தரைக்குத் தள்ளிவிட்டான்.

லெப்ட் அவுட் நடுவுக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இடது கோட்டை ஒட்டிப் பாய்ந்தான். அவனுடைய வேகத்தை முதல் பாதி முழுக்கப் பார்த்திருந்த எதிரணி பேக் அவன் பின்னாலேயே ஓடினான். மற்றவனும் அந்தப் பக்கம் சாய்ந்தான். பந்து ஆளில்லாத இடத்தில் உருண்டுகொண்டிருந்தது. கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது. கேப்டன் தானே அதன் பின்னால் ஓடினான். எதிரணி கோலி வெளியே வந்தான். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகப் பந்தை அடைந்தார்கள். கேப்டனின் கால் சற்று முந்தியது.

இரண்டுக்கு ஒன்று. அதுவே முடிவாயிற்று. கேடயத்தை வாங்கினோம். கடற்கரைப் பையன்கள் கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டை ஒட்டி ஒரு சுற்று வந்தார்கள்.

ரயில்வேக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உங்க கேப்டனைப் பார்க்கத்தான் வந்தேன். நல்ல ஆட்டக்காரன். ஆனா எனக்கு அந்த லெப்ட் அவுட் பையன் வேணும்."

ஏன் என்று கேட்டேன்.

"கவனிச்சீங்களா? கேப்டன் நடுவில ஓடுன்னு கையைக் காட்டுறான். இவன் கேக்கலை. ஓரமா ஓடி ரெண்டு பேக்கையும் இழுத்துட்டுப் போயிட்டான். நடுவில மைதானமே காலி. அதுக்கப்புறம் கோல் யாரும் போடலாம். சொன்னதைச் செய்யுற பையனுங்க எங்ககிட்ட நிறைய இருக்காங்க. யோசிக்கிறவன்தான் இல்லை." காலையில் ஆறரை மணி வண்டிக்குப் போவதாகவும், பையனைப் பரீட்சை முடிந்த பிறகு அனுப்பும்படியும் சொல்லிவிட்டு எழுந்தார். இரவு ஸ்டேஷனிலேயே தங்குவதாகச் சொன்னார்.

சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவது எனக்குப் பழக்கமில்லை. சத்திரத்துக்குப் போனதும் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். கேப்டன்தான் முதலில் லெப்ட் அவுட்டின் முதுகில் தட்டினான்.

"கொடுத்து வச்சவன்டா. போ, போய் நல்லா ஆடு."

"என்னண்ணே, நான் கேக்கவே இல்லையே" என்றான் அவன்.

பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கோழிக் குழம்பு கேட்டார்கள். வென்ற அணி என்றாலும் இலையைச் சுற்றிப் பேச்சு குறைவாகத்தான் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எங்கள் ரைட் அவுட், அவனும் கடற்கரைப் பையன், லெப்ட் அவுட்டைப் பார்த்துக் கேட்டான்.

"ஏலே, ஒண்ணு கேக்கணும். கச்சானுக்குன்னு அவன் தொண்டை கிழியக் கத்துறான். நீ சோழகத்துப் பக்கம் ஓடுறயே, எப்படிடா தோணுச்சு?"

"சோழகமா? அது என்ன?"

"தெக்குலே."

"நான் எங்க தெக்க ஓடினேன்? அண்ணன் கேட்ச்-ஆன்னாரு, ஓரமா ஓடினேன்."

"என்னது?"

"கேட்ச்-ஆன். ஓடிப்போய் ஓரத்துல பந்தை வாங்குன்னு. புட்பால் இங்கிலீஷ்தான? நீங்க வேகமாச் சொல்றதுனால கச்சான்னு விழுகுது."

கேப்டன் கையில் உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்தான். "கச்சான்னா மேக்காத்துடா."

கடற்கரையில் திசைக்குத் திசை காற்றின் பெயரைச் சொல்வார்கள். மேற்கேயிருந்து வருவது கச்சான், தெற்கேயிருந்து வருவது சோழகம். நாளடைவில் காற்றின் பெயரே திசைக்கும் பெயராகிவிட்டது. ஆட்ட வேகத்தில் கேப்டன் வாயில் மேற்கு என்றால் கச்சான்தான். எங்கள் மைதானத்தில் மேற்கு என்பது ரோட்டோரத்துக் கோடு. முதல் பாதியில் அது இடது பக்கம், கோல் மாறிய பிறகு வலது பக்கம். லெப்ட் அவுட்டுக்குப் பாதி நேரம் பந்து வந்ததும் பாதி நேரம் வராததும் அதனால்தான். மதுரை மைதானத்தில் மேற்கு என்பது எதிரணியின் கோல் கம்பம்.

"ஒனக்கு இவ்வளவு நாளாத் தெரியாதா?" என்றான் ரைட் அவுட்.

"எங்க ஊர்ல மேக்கன்னா மேக்கன்னுதான சொல்லுவோம்!"

உத்தரகோசமங்கைப் பையன் மெல்ல, "நான் இவன் பட்டப்பேருன்னுல்ல நெனைச்சேன்" என்றான். "கச்சானுக்கு, கச்சானுக்குன்னு. இவனுக்குப் பந்தைக் குடுன்னு சொல்றாகன்னு."

கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்திருக்க வேண்டும். ரயில்வேக்காரர் எதைப் பார்த்து லெப்ட் அவுட்டைத் தேர்ந்தெடுத்தாரோ அது நடக்கவே இல்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

லெப்ட் அவுட் இலையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப எனக்கு எப்படிண்ணே..." என்று ஆரம்பித்தான்.

"சாப்புடுலே" என்றான் கேப்டன். "எதுக்கு ஓடினா என்ன? ஆளை இழுத்துக்கிட்டுப் போனேயில்ல. அந்தப் பேச்சை விடு." மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான்.

இதில் நான் செய்யக்கூடியது என்ன என்று யோசித்தேன். தேர்ந்தெடுத்தவர் ரயில்வேக்காரர். தேர்ந்தெடுக்கப்பட்டவன் ஒரு பையன். அவனும் என் பொறுப்பில் இருக்கிறவன்தான். அவன் கைக்கு வந்ததை நான் போய்ப் பறிப்பது சரியாகப் படவில்லை. சும்மா இருப்பதும் சரியாகப் படவில்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தோம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் விளக்கத் துண்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது லெப்ட் அவுட் வாசலில் நின்றான். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"சார், ஸ்டேஷன் வரைக்கும் வாரீகளா? அந்த சாரைப் பாக்கணும். தனியாப் போனா பேச்சு வராது."

"வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டா ரயில்வேக்குப் போன்னுதான் சொல்லுவாக. அதான் கேக்கலை."

ரயில்வேக்காரர் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். லெப்ட் அவுட் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வந்திருந்தான். அதைப் பாதியிலேயே விட்டுவிட்டான்.

"சார், நேத்து நான் யோசிச்சு ஓடலை. அண்ணன் சொன்னது புரியாம ஓடிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த குடையின் நுனியால் பிளாட்பாரத்துப் புழுதியில் இரண்டு மைதானங்களையும் வரைந்து, மேற்கு எது என்று காட்டி, கச்சான் என்ற சொல்லை விளக்கினேன். அவர் சிரித்ததில் காபி பேண்டில் சிந்தியது. துடைத்துக்கொண்டு, சிறிது நேரம் அந்தக் கோடுகளையே பார்த்தார்.

"அப்போ பந்து போன இடத்துக்கு ஆள் வரப்போறதில்லைன்னு முதல்ல பார்த்தவன் கேப்டன்தானே?"

"ஆமாம்."

"கோலி கிளம்புறதுக்கு முன்னாடியே அவன் கிளம்பியிருக்கணும். இல்லேன்னா எட்டியிருக்க முடியாது. நான் இவன் ஓடுறதையே பார்த்துட்டிருந்தேன். அவன் கிளம்பினதைப் பார்க்கலை." டம்ளரைக் கீழே வைத்தார். "அவனையே அனுப்புங்க. பரீட்சை முடிஞ்ச மறுவாரம். பாஸோ ஃபெயிலோ, அது எனக்கு வேண்டாம்." பிறகு லெப்ட் அவுட்டிடம், "உனக்கு வருத்தமில்லையே?" என்றார்.

"இருக்கு சார்" என்றான் அவன். "பரீட்சை முடிஞ்சா மிளகாய்க் காட்டுல வேலை கெடக்கு. அதுல போயிரும்."

சத்திரத்துக்குத் திரும்பியபோது கேப்டன் பின்கட்டுக் குழாயடியில் அணியின் பனியன்களைத் துவைத்துக்கொண்டிருந்தான். லெப்ட் அவுட் தூரத்திலிருந்தே கத்திச் சொல்லிவிட்டான். கேப்டன் அவனை நம்பாமல் என்னைப் பார்த்தான். உண்மைதான் என்று நான் தலையசைத்தேன். முழங்கை வரை சோப்பு நுரையோடு எழுந்து நின்றான்.

"ஆபீஸ்லயா சார், வண்டியிலயா?"

"ஆபீஸில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்."

"தரையில இருக்குற ஆபீஸுதானே?"

"தரையில்தான்."

அவன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. லெப்ட் அவுட் போய் அதை அடைத்தான். சற்றுப் பொறுத்துக் கேப்டன் எழுந்து, குழாயைத் திறந்து, மீதியிருந்த பனியன்களை அலசிப் பிழிந்தான். அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி லெப்ட் அவுட் கொடியில் போட்டான்.